துவக்கும் சோங்கும்



இலக்கிய நிகழ்ச்சியில் துவக்கைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதில் நியாயமும் உண்டு. இந்த நாட்டில் நம்மில் அநேகருக்கு அந்தச் சொல் காதில் விழுந்தாலே நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும். ஆனால் நான் இன்று பேச எடுத்துக்கொண்டது துவக்கின் இரும்பை அல்ல, அதன் மரத்தை. வெடி வைப்பவன் தோளில் பொருத்திக் கன்னத்தைச் சாய்த்துக்கொள்கிறானே, அந்தக் கட்டையை எங்கள் பக்கத்தில் சோங்கு என்பார்கள். திருகோணமலையில் எங்கள் வீட்டு முன்கதவின் பின்னால் அப்படியொரு சோங்கு பல ஆண்டுகளாகச் சாத்திக் கிடக்கிறது. காற்றடிக்கும் நாட்களில் கதவுக்கு முட்டுக் கொடுக்க உதவுகிறது. அதற்குரிய துவக்கு வீட்டில் இல்லை. இரும்பு போய் மரம் மட்டும் தங்கிய கதையைச் சொல்வதானால், சற்றுப் பின்னே போகவேண்டும்.

தமிழ்நாட்டார் துப்பாக்கி என்கிறார்கள். நாங்கள் துவக்கு என்கிறோம். சிங்களவர் துவக்குவ என்கிறார்கள். எல்லாம் துருக்கி மொழிச் சொல்லொன்றின் வழிவந்தவை என்பர். சொல்லைப் போலவே பொருளும் கடல் வழியாக வந்ததுதான். 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கொழும்பில் வந்திறங்கியதைச் சொல்லும் இராஜாவலிய, அவர்கள் கல்லைத் தின்று இரத்தத்தைக் குடித்தார்கள் என்று கண்டவர்கள் அரசனிடம் போய்ச் சொன்னதாகக் கூறும். பாணையும் வைனையும் அதுவரை கண்டிராதவர்கள் அப்படித்தானே சொல்வார்கள்! அவர்களுடைய பீரங்கியின் முழக்கம் இடியை மிஞ்சியது, அதன் குண்டு கருங்கற் கோட்டையையும் தகர்க்கும் என்றும் அதே நூல் சொல்கிறது. வியப்பும் அச்சமும் கலந்த பேச்சு அது.

அந்த வியப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. ஒரு நூற்றாண்டு முடிவதற்குள் இந்நாட்டுக் கொல்லர்கள் தாமே துவக்குச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோவாவில் தங்கியிருந்த லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தர், இலங்கையர் செய்யும் துவக்குக் குழல்களின் அழகைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். கண்டி இராச்சியத்துத் துவக்குகளை நூதனசாலைகளில் பார்த்தவர்களுக்கு அவற்றின் சோங்குகள் மறக்கமாட்டா. அடிப்புறம் இரண்டாகப் பிளந்து, மகரத்தின் வாய்போல வளைந்து, யானைத் தந்தமும் வெள்ளியும் பதித்து இழைக்கப்பட்டவை அவை. விசைப்பொறியை வலப்புறம் வைப்பது ஐரோப்பிய வழக்கம். கண்டித் துவக்குகள் பலவற்றில் அது இடப்புறம் இருக்கும். இரும்பு வேலையின் சூட்சுமத்தை வெளியாரிடம் கற்றாலும், மரத்தைத் தங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஏற்பவே செதுக்கினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொண்டுபோன அலங்காரப் பீரங்கியொன்று, இரண்டரை நூற்றாண்டுகள் கழித்து, 2023 இல் நெதர்லாந்திலிருந்து நாடு திரும்பிய செய்தியை நீங்கள் வாசித்திருப்பீர்கள். இரும்புக்கு அப்படிச் சில வேளைகளில் திரும்பிவரும் பாக்கியம் கிடைக்கிறது.

இனி எங்கள் துறைமுகத்துக்கு வருவோம். கோணேசர் கோயிலை இடித்த கற்களைக்கொண்டு போர்த்துக்கேயர் 1620களில் கோட்டை கட்டினர். 1639 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1782 ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆங்கிலேயர் வந்தனர், பிரெஞ்சுக்காரர் வந்தனர். 1795 இல் மீண்டும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1803 இல் அதற்குப் பிரெட்றிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். இவர்கள் எல்லோரையும் இங்கே இழுத்தது துறைமுகத்தின் ஆழம் என்று வரலாற்றுப் புத்தகங்களில் படிக்கிறோம். உண்மைதான். ஆனால் கப்பற்காரரின் கண் இன்னொன்றின் மீதும் இருந்தது. அது கரையோரத்துக் காடு.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் தன் பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் வெட்டிக்கொள்ள அதைக் கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பினார்கள். மரம் தேடி வந்தவர்கள் 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டுக்கொண்டார்கள். கப்பலின் தலைவர் மறு ஆண்டே சிறையிருப்பில் இறந்தார். அவர் மகன் றொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக இருந்து, 1679 இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பியோடி, 1681 இல் இலண்டனில் தம் புத்தகத்தை வெளியிட்டார். இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த புகழ்பெற்ற அந்த நூல் பிறந்ததற்கு, மூதூர்க் கரையில் ஒரு மரம் வெட்டவேண்டியிருந்ததே முதற் காரணம்.

எங்கள் காட்டில் சாவண்டலை என்றொரு மரம் உண்டு. சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேய மரவியாபாரிகள் அதற்கு வைத்த பெயர் 'திருகோணமலை மரம்'. ஊரின் பெயரையே மரத்துக்குச் சூட்டும் அளவுக்கு அது இங்கிருந்து கப்பலேறிச் சென்னைக்குப் போனது. அங்கே கடலலையில் இறங்கும் மசூலாப் படகுகளுக்கு அதைத்தான் விரும்பினார்கள். நார் நேராக ஓடும்; வலிமை உண்டு; வளைந்து கொடுக்கும், இலேசில் முறியாது. வண்டி, பீப்பாய், ஆயுதப்பிடி எல்லாவற்றுக்கும் உதவும். இந்த மரத்தின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

ஆங்கிலேயர் காலத்து வேட்டைக் கதைகள் பல. சாமுவேல் பேக்கர் தம் இலங்கை வேட்டையைப் பற்றி 1854 இலும் 1855 இலும் இரண்டு புத்தகங்கள் எழுதினார். பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்ற துவக்குத் தொழிலாளர் 1840 இல் அவருக்குச் செய்துகொடுத்த றைபிள் 21 இறாத்தல் நிறை. நம் கைக்குழந்தை இரண்டின் பாரம்! அந்தக் காலத்தில் யானையைக் கொல்வதற்கு அரசாங்கமே பரிசு கொடுத்தது. 1848 க்கு முன்னைய மூன்றாண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகளுக்கு மேல் கொல்லப்பட்டதாக எமர்சன் ரெனன்ற் எழுதுகிறார். பின்னர்தான் கட்டுப்பாடுகள் வந்தன. 1916 இல் சுடுகலன் சட்டம், 1937 இல் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டம். துவக்குக்குக் கச்சேரியில் லைசென்ஸ் எழுதும் வழக்கத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம்.

பேக்கர் காலத்து வாய்வழி மருந்திடும் துவக்கு வழக்கொழிந்த பின், 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் புதுவகை றைபிள் வந்தது. கதவுத் தாழ்ப்பாளைப் போல ஒரு தண்டை மேலே திருப்பிப் பின்னே இழுத்தால் பழைய தோட்டாவின் கோது வெளியே விழும்; முன்னே தள்ளித் திருப்பினால் புதிய தோட்டா உள்ளே பூட்டிக்கொள்ளும். ஜெர்மனியில் பவுல் மவுசர் 1898 இல் நிறைவாக்கிய அமைப்பு இவற்றில் பேர்பெற்றது. போருக்கென்று பிறந்தாலும் அதை ஆங்கிலேய வேட்டைத் துவக்குக் கொம்பனிகளும் வாங்கித் தங்கள் குழலையும் சோங்கையும் பூட்டி விற்றன. குமாவோனில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கோர்பெற்றுக்கு 1907 இல் பரிசாகக் கிடைத்த ரிக்பி றைபிளும் அந்த வகையைச் சேர்ந்ததே.

என் தாயின் தமையன், எங்கள் பெரிய மாமா, வாங்கியதும் அந்த வகைதான். அவர் டொக்யாட்டில் கிளாக்கர். 1957 ஒக்டோபர் 15 ஆம் திகதி பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. நாடு முழுவதும் அதைக் கொண்டாடியது, கொண்டாடவேண்டியதுதான். ஆனால் திருமலையில் அந்தத் தளத்தை நம்பி அடுப்பெரித்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. வேலை போனவர்களில் மாமாவும் ஒருவர். கையில் கிடைத்த சிறுதொகையோடு தம்பலகாமத்து வயலைப் பார்க்கப் போனார். புறப்பட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்கார உத்தியோகத்தர் ஒருவர் கட்டில், மேசை, கிராமபோன் என்று எல்லாவற்றையும் விற்றார். மற்றவர்கள் கட்டிலும் மேசையும் வாங்க, மாமா றைபிளை வாங்கிவந்தார்.

"இரும்பை வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறியளே, நெல்லு ஆர் வாங்கித் தாறது?" என்று மாமி கேட்டா.

"இது இருந்தாத்தான் நெல்லு வீட்டுக்கு வரும். இல்லாட்டிப் பண்டிதான் திண்டுபோட்டுப் போகும்" என்றார் மாமா.

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களில் கதிர் முற்றும் காலத்துக் காட்டுப்பன்றி ஓரிரவில் என்ன செய்யும் என்பதைக் கண்டவர்களுக்கு அந்த மறுமொழி விளங்கும்.

ஆனால் துவக்கு மாமாவோடு ஒத்துப்போகவில்லை. அந்த உத்தியோகத்தர் ஆறடிக்கு மேல் உயரமானவர். சோங்கு அவருடைய கைநீளத்துக்கு வெட்டப்பட்டது. மாமாவோ குட்டையான மனிதர். முழங்கையை மடித்துச் சோங்கின் அடியை மடிப்பில் வைத்தால், விரல் விசையை எட்டவேண்டும், அதுதான் அளவு. மாமாவின் விரல் ஒன்றரை அங்குலத்துக்கு இப்பாலேயே நின்றுவிடும். எட்டிப் பிடிப்பதற்காகத் துவக்கைத் தோளின் நுனியில் வைப்பார். வெடித்ததும் உதை எலும்பில் விழும். தோளில் நீலம் பாரித்த அடையாளத்துக்கு மாமி நல்லெண்ணெய் தடவுவதை நான் சிறுவயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நான்கு ஆண்டுகள் அவர் அப்படியே சமாளித்தார். 1961 இல் சோங்கின் கழுத்தில், கை பிடிக்கும் இடத்தில், ஒரு கீறல் விழுந்தது.

கிண்ணியாவில் மாமாவுக்கு வேண்டிய ஓடாவியார் ஒருவர் இருந்தார். படகு கட்டுபவர். அப்போது பாலம் இல்லை. அது 2009 இல்தான் வந்தது. பாதையில் ஏறித் துறையைக் கடந்து நாங்கள் போனோம். துவக்கை ஒரு சாக்கில் சுற்றி, மேலே கச்சேரிக் கடதாசியைக் கட்டி, மாமா மடியில் வைத்திருந்தார். எனக்கு வயது பத்து.

"காக்கா, அடியில ஒண்டரை அங்குலம் அரிஞ்சு விட்டாக் காணும்தானே?" என்று மாமா கேட்டார்.

ஓடாவியார் உடனே மறுமொழி சொல்லவில்லை. இரண்டு திருகாணிகளையும் கழற்றி, இரும்பை மரத்திலிருந்து தூக்கி எடுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். அந்த இரும்பின் அடிப்புறத்தில் ஒரு பல் உண்டு. வெடிக்கும்போது எழும் உதையை அந்தப் பல்தான் மரத்துக்குக் கொடுக்கும். பல் மரத்தோடு இறுக்கமாகச் சேர்ந்திருந்தால் உதை முழுக் கட்டைக்கும் பரவும். நூலளவு இடைவெளி விழுந்துவிட்டால், ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு பின்னே ஓடிச் சுத்தியல்போல இடிக்கும். கடைசியில் கழுத்து பிளக்கும்.

"இரும்பு உள்ளுக்க ஓடித் திரியுது ஐயா. ஓடுற இரும்பு மரத்தப் பிளக்காம உடுமா? அடிய அரிஞ்சா நீளம் குறையும், வெடிப்புப் போகுமா? இது வெள்ளக்காரன்ட தோளுக்கு வெட்டின கட்ட. உங்கட தோளுக்கு நாமதான் வெட்டணும்" என்றார்.

கொட்டிலின் மூலையில் நிழலில் பல வருஷங்கள் காய்ந்து கிடந்த ஒரு பலகையைக் காலால் புரட்டிக் காட்டினார். சாவண்டலை. முதிரை அழகுதான், ஆனால் பாரம் என்றார். தேக்கு உதைக்குத் தாங்காது என்றார். தண்டு வலிக்கிற மரம்தான் துவக்குக்கும் சரி என்பது அவர் முடிவு. துவக்குச் சோங்கு அவர் அதற்கு முன் செய்தவரல்லர். ஆனால் கடலில் நீர் புகாதபடி பலகையோடு பலகை சேர்ப்பவருக்கு, இரும்போடு மரம் சேர்ப்பது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

மூன்று நாட்கள் பாதை ஏறி நாங்கள் போய்வந்தோம். முதலில் பலகையின் நார் ஓடும் திசையைப் பார்த்து, கழுத்து வரும் இடத்தில் நார் நெடுக்கே போகும்படி கோடு கீறினார். குறுக்கே போனால் அதே இடத்தில் மறுபடி முறியும். பிறகு உளி. ஓரளவு குடைந்ததும், விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து இரும்பின் அடி முழுவதும் பூசினார். இரும்பை மரத்தில் வைத்து அழுத்தித் தூக்கினால், மேடான இடத்தில் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்தக் கறுப்பை மட்டும் சுரண்டுவார். மறுபடி பூசுவார், அழுத்துவார், தூக்குவார், சுரண்டுவார். நான் நூறுவரை எண்ணிவிட்டு எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன். கடைசியில் பல் உட்காரும் இடம் முழுவதும் ஒரே கறுப்பாகப் படிந்தது. "இப்ப இருக்கு" என்றார்.

குழலின் பக்கத்தில் அவர் செய்தது நேர் எதிர். அங்கே மரம் இரும்பைத் தொடவே கூடாது என்றார் மாமா. அதை அந்த உத்தியோகத்தரிடம் கேட்டறிந்திருந்தார். வெடியில் குழல் அதிரும். மாரியில் மரம் ஊதும். ஊதிய மரம் குழலை ஒரு பக்கம் தள்ளினால் குறி தவறும். ஓடாவியார் பழைய வீரகேசரியில் ஒரு கீலம் கிழித்து, குழலுக்கும் மரத்துக்கும் நடுவே நுழைத்து, நுனியிலிருந்து அடிவரை தடங்கலின்றி இழுத்துப் பார்த்தார். ஓரிடத்தில் இறுக்கிப் பிடிக்கவேண்டும், ஓரிடத்தில் தொடாமல் இருக்கவேண்டும். குடும்பத்துக்கும் இதுதான் விதி என்று மாமா சிரித்தார்.

கன்னம் சாயும் உயரத்தைப் பார்க்க மாமாவைக் கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் வைக்கச் சொன்னார். "இப்பக் கண்ணத் திறவுங்க. குறி நேரா நிக்குதா?" குறி சற்று மேலே நின்றது. இழைப்புளியால் இரண்டு இழுப்பு. மறுபடி கண்ணை மூடித் திறந்தார். நேராக நின்றது. மாமாவின் முகத்தில் அன்று கண்ட மலர்ச்சியை நான் பிறகு அவரிடம் அதிகம் கண்டதில்லை. வேலை போன மனிதர். நான்கு வருடம் ஒருவருடைய மிச்சத்தோடு மல்லுக்கட்டியவர். அவர் அளவுக்கென்று ஒரு பொருள் அன்றுதான் அவர் கையில் இருந்தது.

கூலி பேசியபோது, வேட்டை இறைச்சியில் பங்கு தருவதாக மாமா வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஓடாவியார் சிரித்தார். "ஐயா வெடி வைக்கிறது பண்டிக்கி. அது நமக்கு ஆகாது. வெள்ளாம வெட்டினா ஒரு மூட நெல்லு அனுப்புங்க." அவர் இருந்த காலம்வரை ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு மூடை கிண்ணியாவுக்குப் போயிற்று. ஒருமுறை கேட்ட கூலி பத்துப் பன்னிரண்டு வருடம் நீண்டது.

1964 டிசம்பரில் அடித்த சூறாவளி உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தனுஷ்கோடியை அழித்த அதே சூறாவளி, அதற்கு முதல் எங்களைக் கடந்தே போனது. எங்கள் கூரை போய்விட்டது. றைபிள் இரண்டு நாள் மழையில் நனைந்தது. காய்ந்த பின் மாமா முதலில் செய்த வேலை, ஒரு கடதாசிக் கீலத்தை நுழைத்து இழுத்தது. அது தடங்கலில்லாமல் வந்தது. "திருகோணமலை மரம்" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் துவக்கால் மாமா பன்றி சுட்டார். மரையும் மானும் சுட்டார். அதில் எத்தனை சட்டத்துக்குள் வந்தது என்று நான் கேட்டதில்லை. இறைச்சியை நானும் சாப்பிட்டேன். இதை மறைத்துவிட்டு உங்கள் முன் நல்லவனாக நிற்க எனக்கு மனமில்லை.

பிறகு நாட்டின் காலம் மாறிற்று. வீட்டில் துவக்கு இருப்பது வயலுக்குக் காவலாக இருந்த நிலை போய், வீட்டுக்கே ஆபத்தாகும் நிலை வந்தது. யார் வந்து கேட்பார்கள், கொடுத்தால் யார் வந்து விசாரிப்பார்கள் என்று இரவில் உறக்கமில்லை. 1984 இல் ஒரு காலை, மாமா அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டுபோய் உரிய இடத்தில் ஒப்படைத்தார். துணைக்கு நான் போனேன். மேசையிலிருந்தவர் இரும்பில் பொறித்திருந்த இலக்கத்தைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதி, ஒரு துண்டுச் சீட்டைக் கிழித்துத் தந்தார். சீட்டில் துவக்கின் வகை இருந்தது, இலக்கம் இருந்தது, திகதி இருந்தது. மரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாமா சோங்கின் கழுத்தை ஒருமுறை தடவிவிட்டு எழுந்தார். அந்தத் துவக்கு திரும்பி வரவில்லை. மாமா 1993 இல் காலமானார். ஓடாவியார் அவருக்கு வெகுகாலம் முன்பே போய்விட்டார்.

வரலாறு எழுதுபவர்களும் பெரும்பாலும் அந்த மேசைக்காரரைப் போலத்தான் எழுதுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எந்த ஆண்டில் எந்தக் கோட்டை விழுந்தது, எத்தனை பீரங்கி அகப்பட்டது என்பதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. இலக்கம் இரும்பில்தானே பொறிக்கப்படுகிறது! ஒரு தமிழ்க் கிளாக்கரின் தோளுக்கென்று ஒரு முஸ்லிம் ஓடாவியார் மூன்று நாள் இருந்து மரம் இழைத்ததும், அதற்காகப் பன்னிரண்டு வருடம் நெல் மூடை துறை கடந்ததும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. திருகோணமலையின் மூன்று இனத்தவரும் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றி எழுத ஆட்கள் உண்டு, எழுதவும் வேண்டும். கூலியாக நெல் போன ஆண்டுகளையும் யாராவது பக்கத்தில் எழுதி வைக்கவேண்டும் என்பதற்காகவே இன்று இதைச் சொன்னேன்.

எங்கள் கதவுக்குப் பின்னால் சாத்திக் கிடப்பது ஓடாவியாரின் சாவண்டலைச் சோங்கு அல்ல. அது இரும்போடு போய்விட்டது. இங்கே இருப்பது 1961 இல் கழற்றிப் போட்ட பழையது, வெள்ளைக்காரரின் வால்நட் மரம். கழுத்தில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. எங்களுடையது போய், அவர்களுடையது எங்களிடம் மிஞ்சியிருக்கிறது. சென்ற மாதம் ஒருநாள் அதை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். முழங்கை மடிப்பில் வைத்து விரலை நீட்டினேன். விசை இருந்த துளைக்கு ஒன்றரை அங்குலம் முன்னதாகவே விரல் நின்றுவிட்டது. நானும் மாமாவின் உயரந்தான்.

அன்று மாலை பிரெட்றிக் கோட்டைப் பக்கம் நடக்கப் போனேன். கோட்டை வாசலுக்குள்ளே புள்ளிமான்கள் வழக்கம்போல ஆட்களை இலட்சியம் செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு குட்டி என் கையிலிருந்த கடலைச் சுருளைப் பார்த்துவிட்டு மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. கடலையைக் கொட்டிக் கொடுத்தேன். அது கடதாசியையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போயிற்று.